ஒயர் கோளாறு

கல்லூரி விழாவில் புவனேஸ்வரி மேடையேறி, “அனைவருக்கும் வணக்கம்” என்றாள். அவ்வளவுதான். அடுத்து வாயைத் திறந்தாள், சத்தத்தைக் காணோம்.

மைக் செட்டுக்கார பிரிட்டோ மேடைக்கு ஓடினான். மைக்கைத் தட்டிப் பார்த்தான். தொம்மென்றுகூடக் கேட்கவில்லை.

“ஒயர் லூஸுங்க. செத்த நேரம் பொறுத்துக்கங்க!” என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான்.

முன்வரிசையில் இருந்த பேராசிரியர் மதியழகன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். வராமல் என்ன செய்வார்? திண்டுக்கல்லில் இருக்கும் அந்தக் கல்லூரியில் மேடைப்பேச்சு வகுப்பு எடுப்பவர் அவர். பிரின்சிபால் மேடம் காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்:

“ஒங்க ஸ்டூடன்ட்ஸ்ல ஒரு ஆளாவது இன்னைக்குப் பேப்பர் பாக்காமப் பேசட்டும், சார். இல்லேன்னா அடுத்த செமஸ்டர் அந்த ஹவரைக் கம்ப்யூட்டர் கிளாஸுக்குக் குடுத்துருவேன்.”

வகுப்பு என்னவோ அமர்க்களமாகத்தான் நடந்தது. வாரம் மூன்று மணி நேரம். மதியழகன் பேசுவார், பேசுவார், பேசிக்கொண்டே இருப்பார். எப்படி நிற்பது, எங்கே மூச்சு விடுவது, எப்போது நிறுத்துவது என எல்லாவற்றையும் பேசித் தீர்ப்பார். மாணவர்கள் பேசவும் வாய்ப்பு உண்டு. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது “பிரசன்ட் சார்” சொல்லலாம்.

அப்படிப்பட்ட பயிற்சியில் தேறிய பிள்ளையின் பேச்சை ஓர் ஓட்டை ஒயர் கெடுப்பதா?

“ஏம்ப்பா பிரிட்டோ, இதெல்லாம் காலையிலயே பாக்க மாட்டியா?” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சீறினார்.

பிரிட்டோ மைக் பக்கம் குனிந்தான். ஒயரைத் திருகினான், ஊதினான், புவனேஸ்வரியிடம் ஏதோ முணுமுணுத்தான். பிறகு ஆடி அசைந்து தன் சவுண்ட் மிக்ஸருக்குத் திரும்பினான். அந்த நிதானம் மதியழகனுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

ஒருவழியாக மைக்குக்கு உயிர் வந்தது.

“எங்கப்பா அகரத்துல பூ விவசாயம் பாக்குறாரு,” என்று ஆரம்பித்தாள் புவனேஸ்வரி. “பட்டா விஷயமா மூணு தடவை ஆபீஸுக்குப் போனாரு. மூணு தடவையும் வணக்கம் மட்டும் சொல்லிட்டுத் திரும்பி வந்துட்டாரு. என்ன கேக்கணும்னு அவருக்குத் தெரியும், கேக்கத்தான் வாய் வரல. நாலாவது தடவை நான் போகப்போறேன். அதுக்குத்தான் இந்த வகுப்புல சேர்ந்தேன்.”

கையில் பேப்பர் இல்லை. குரலில் நடுக்கம் இல்லை. கைதட்டல் ஓய நேரமானது.

“சரி சார், ஒங்க கிளாஸ் தொடரட்டும்,” என்றார் பிரின்சிபால்.

மதியழகன் பூரித்துப்போனார். பூரித்தவர் சும்மா இருப்பாரா? நன்றியுரை சொல்ல எழுந்து, ‘சுருங்கச் சொல்வது எப்படி’ என்று விளக்க ஆரம்பித்தார். பதினைந்தாவது நிமிடம், மூன்றாவது உதாரணத்தில் இருந்தபோது மைக் மறுபடியும் போனது. இந்த முறை திரும்பி வரவே இல்லை. தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார். பிள்ளைகள் அதையே முடிவுரையாக எடுத்துக்கொண்டு எழுந்து ஓடினார்கள்.

கூட்டம் கலைந்ததும் நேராக பிரிட்டோவிடம் போனார்.

“இனிமே இந்தக் காலேஜ் வாசப்படி மிதிக்காத! ஓட்ட ஒயரை வச்சுக்கிட்டு அந்தப் பிள்ளையோட மானத்த வாங்கப் பாத்தியே!”

பிரிட்டோ ஒயரைச் சுருட்டியபடியே சொன்னான்: “ஒயர்ல ஒண்ணுமில்ல சார். அந்தப் பிள்ளைக்குத்தான் வணக்கத்துக்கு மேல வார்த்தை வரல. கையெல்லாம் நடுக்கம். நாந்தான் வால்யூமை எறக்கிட்டேன். மைக்கு கோளாறுன்னா என்னையத்தான் ஏசுவாக, பிள்ளையப் பாத்து யாரும் சிரிக்க மாட்டாக. ‘ஒண்ணும் அவசரமில்லம்மா, ரெடின்னா தலைய ஆட்டு’ன்னு சொல்லிட்டு வந்தேன்.”

மதியழகனுக்கு, நாலு மாதம் பாடம் எடுத்த தன் கண்ணில் அந்த நடுக்கம் படவில்லையே என்று வெட்கமாக இருந்தது. பிரிட்டோவின் தோளில் கை வைத்தார். கண்கூடக் கலங்கிவிட்டது.

“பெரிய மனசுப்பா ஒனக்கு,” என்றவர், சட்டென்று நினைவு வந்து கேட்டார். “ஆமா, நான் பேசுறப்பவும் போச்சே? எனக்குமா நடுங்குச்சு?”

“ஒங்களுக்கு எங்க சார் நடுங்கும்?” என்றான் பிரிட்டோ. “குஜிலியம்பாறைப் பிள்ளைகளுக்குத்தான் நடுங்குச்சு. அஞ்சேகால் பஸ்ஸ விட்டா அதுகளுக்கு அடுத்த பஸ்ஸு ஏழு மணிக்குத்தான்.”