கேட்டாண்ட ஒரு சீட்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், மதிய வெயிலில் படபடக்கும் தகரக் கூரையின் கீழே, லவினாவின் முகத்தில் லேப்டாப் வெளிச்சம் விழுகிறது. மெல்போர்ன் மகன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுத்துவிட்டு, சீட்டை மட்டும் அவர்களையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டான். திரையில் விரிந்த விமானத்தின் சீட் படத்தில், நடுவில் ஜோடி சீட் காலியாகத்தான் இருக்கிறது. லவினாவின் விரல் அந்தப் பக்கமே போகவில்லை. இத்தனை வருஷத்துக் குறட்டையும் குத்தல் பேச்சும் ஆகாயத்திலும் கூடவே வர வேண்டுமா என்ன? "எனக்குக் கதவாண்ட போடு," என்கிறார் அவள் கணவர் டக்ளஸ், பேப்பரை இறக்காமலே. "சுரங்கத்துல ஆள ஏத்தி எறக்குற கேஜ்ல எப்பவும் கேட்டாண்ட நின்னவன் நான். ஷிப்ட் முடிஞ்சா மொத ஆளா வெளிய வருவேன். உனக்கு இன்னா தெரியும்?" அவளுக்குத் தெரிவது, கதவோரத்து அந்த முதல் சீட்டை ஒட்டிப் போட்டிருக்கும் கக்கூஸ் படம். ராத்திரி முழுக்க ஆள் மாற்றி ஆள் வந்து தாழ்ப்பாளை இழுப்பார்கள். "நல்லா பாத்துச் சொல்லுங்க. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது." "நீ சொல்லி நான் மாத்தறதா? போடு!" போடுகிறாள். தனக்கு, ஆறு வரிசை தள்ளி ஜன்னலோரத்து ஒற்றை சீட். அந்த வீட்டில் டீ கேட்டாலே சண்டைதான் என்பது தெருவுக்கே தெரியும். இன்றைக்கு அவர் கேட்காமலே டீ போட எழுகிறாள், சர்க்கரை ஒரு கரண்டி கூடவே.