நல்ல தட்டு

இருட்டறையில் நுண்ணோக்கியின் திரை மட்டும் விழித்திருந்தது.

இரண்டு தட்டுகள். இரண்டிலும் தோலிலிருந்து வளர்த்தெடுத்த மூளைச் செல்கள்.

ஒன்று அப்பாவுடையது. பெற்ற மகளைக் காலையில் 'வாங்க, உட்காருங்க' என்று விருந்தாளி போல வரவேற்கிற அப்பா. அவர் தொடையில் கிள்ளி எடுத்த தோல், இங்கே மூளையாகி உயிரோடு இருக்கிறது. அது அவருக்குத் தெரியாது.

மற்றது, நோயில்லாத ஒருவருடையது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. ஆய்வகத்தில் அதற்கு 'நல்ல தட்டு' என்று பெயர்.

மூளைச் செல் ஒவ்வொன்றிலும் ஒற்றை மயிர் நீட்டிக்கொண்டிருக்கும். வெளியே நடப்பதைச் செல்லுக்குச் சொல்லும் ஏற்பிகள் அதில் இருக்கின்றன. சாயம் போட்டால் பச்சையாக மின்னும். பேராசிரியர் 'சிலியம்' என்பார். நான் மயிர் என்றால் அவருக்குக் கூசும். அதற்காகவே சொல்வேன்.

நினைவு தப்புவதற்குப் பல வருஷம் முன்பே இந்தப் பச்சை அணைந்துவிடுகிறது என்பது அவருடைய சந்தேகம்.

அப்பாவின் தட்டில் மயிர்கள் கூம்பிக் கிடந்தன. பச்சை இல்லை. எதிர்பார்த்ததுதான்.

நல்ல தட்டை வைத்தேன்.

அதிலும் பச்சை இல்லை.

பேராசிரியர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"உங்கப்பா செல்லையே ரெண்டுலயும் ஊத்தி வச்சிருக்கே. வீட்ல முதல் ஆளா படிக்க வந்தா இப்படித்தான், ஒரு லேபிள்கூட ஒழுங்கா ஒட்ட வராது."

வேறு நாளாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். இன்று, அந்த ஆள் சொல்வது சரியாக இருக்க வேண்டும் என்று முதல் முறையாக வேண்டிக்கொண்டேன்.

நல்ல தட்டிலிருந்து ஒரு துளி எடுத்து, ஆணா பெண்ணா என்று பார்க்கும் சோதனைக்குப் போட்டேன். தட்டு மாறியிருந்தால் ஆண் என்று வரும்.

கருவி முனகிக்கொண்டே இருந்தது. வாப்பா, வந்துடு என்றேன், மனதுக்குள்.

பெண் என்று வந்தது.

பேராசிரியர் அடங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, தோல் கொடுத்த பெண் யார், பாவம், அவளிடம் யார் சொல்வது என்று கேட்டார்.

"பேர் வெளிய சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சார் விதி போட்டீங்க."

என் முன்கையில் தையல் போட்ட இடம் எப்போதோ ஆறிவிட்டது. இப்போது அரித்தது.

கோட்டின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.