மேல் தாள்

"இந்தக் கறை படத்துக்கும் பரவிடுமா சார்?"

வாடிக்கையாளர் நீட்டிய பழுப்புத் தாளைப் பார்த்துப் படக்காரர் சிரித்தார். பிளாட்டினத்தில் புகைப்படம் அச்சிட்டுத் தருவது அவர் தொழில்.

"அது கறையில்லீங்க, உங்க தாத்தா."

பிளாட்டினப் படம் பளபளக்காது, மங்கவும் மங்காது. காகிதத்தின் நாருக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அதன்மேல் வருடக்கணக்கில் ஒரு தாள் மூடிக் கிடந்தால், இடவலம் மாறி அந்தத் தாளிலும் உருவம் விழுந்துவிடும். படமே போனாலும் மேல் தாள் இருந்தால் போதும் என்று விளக்கிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். வாடிக்கையாளரை அவசரமாக அனுப்பிவிட்டு உள்ளறைக்கு ஓடினார்.

மகனின் சின்ன வயதுப் படம் ஒன்றை அவரே எடுத்து, அவரே அச்சிட்டு மேல் தாள் மூடி அங்கே பெட்டியில் வைத்திருந்தார். கோபம் வந்தால் முன்பின் யோசிக்காத மனிதர். கப்பல் வேலை வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல் மகன் கிளம்பிய அன்று, அவன் படங்களையெல்லாம் கிழித்தார், நெகட்டிவ்களைக் கொளுத்தினார்.

அந்தக் கப்பல் மூழ்கிவிட்டது. பெற்றவர்கள் பார்த்து அழக்கூட அவன் முகம் வீட்டில் இல்லை. மனைவி அவரிடம் தேவைக்குமேல் பேசுவதில்லை. பீரோ சாவியை இடுப்பிலிருந்து எடுப்பதுமில்லை.

படத்தைத்தானே கிழித்தார், மேல் தாளைத் தொடவில்லையே! பெட்டியைத் திறந்தார். உள்ளே எல்லாத் தாளும் வெள்ளை வெளேரென்று புதிதாக இருந்தன.

"பழைய தாளெல்லாம் எங்க?"

கறை பிடித்துக் கிடந்ததால் எப்போதோ மாற்றிவிட்டேன், பழைய பேப்பர்காரர் எடுத்துப் போய்விட்டார் என்றாள் மனைவி, கதவோரம் நின்றபடி.

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அதுல நம்ம பையன் இருந்தான்."

சொல்லி முடிக்குமுன் குரல் உடைந்தது. மகன் போன செய்தி வந்த அன்றுகூட அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

அவள் இடுப்புச் சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்து, துணி மடிப்புக்குள்ளிருந்த ஒரு பழுப்புத் தாளை அவர் மடியில் வைத்தாள். வலது கன்னத்து மச்சம் இடது கன்னத்துக்கு மாறியிருக்க, மங்கலாகப் பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

இத்தனை வருஷம் ஏன் என்னிடம் காட்டவில்லை என்று கேட்டார்.

"இதையும் கிழிச்சிடுவீங்கன்னு பயந்தேங்க."