சோலையம்மாளின் மூக்கு

"நில்லுடி அங்கன. சேலையில என்ன வாடை?"

வீரலட்சுமி நின்றாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் வந்த பெண்களும் நின்றார்கள்.

சோலையம்மாள் அவள் முந்தானையை இழுத்து முகர்ந்து பார்த்தாள். மண்ணெண்ணெய்.

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பட்டாசுக் கம்பெனியில், பெண்களைச் சோதித்து உள்ளே விடுவது சோலையம்மாளின் வேலை. செல்போனைப் பெட்டியில் போட வேண்டும். தலையில் இரும்பு ஊசி இருந்தால் கழற்ற வேண்டும். கேட்டுக்குள் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறிய மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். பதினோரு வருஷத்தில் அவள் மூக்கை ஏமாற்றி ஒரு தீக்குச்சிகூட உள்ளே போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அறைக்கு நாலு பேர் வீதம் நூற்று அறுபது உயிர் உள்ளே வேலை பார்க்கிறது.

"ஏண்டி, கொள்ளி வைக்கவா வந்தே?"

"இல்லக்கா. எங்க வீட்டுல கேஸ் அடுப்புதான்."

"அப்ப இது என்ன, பன்னீரா?"

வரிசையில் சலசலப்பு. "எம் புள்ளைகளை அநாதையாக்கப் பாத்தியே, பாவி" என்றாள் ஒருத்தி.

"கம்பெனி வேனைத் தவற விட்டுட்டு ரோட்டுல நின்னவளை, மொதலாளி தன் கார்ல ஏத்திக் கேட்டு வரைக்கும் கொண்டாந்து விட்டாக. அம்புட்டு நல்ல மனுசனுக்கு நீ செய்யுற கைம்மாறு இதானா?" என்றாள் சோலையம்மாள்.

வீரலட்சுமி முந்தானையைச் சுருட்டிக் கைக்குள் மறைத்தாள்.

"போ வீட்டுக்கு. தீபாவளி முடியுற வரைக்கும் இந்தப் பக்கம் தலை காட்டாதே."

அதைக் கேட்டதும்தான் வீரலட்சுமியின் வாயில் உண்மை வந்தது. சீசனில் வேலை போனால் அந்த வருஷமே போன மாதிரி. வீட்டில் சம்பாதிக்கிறது அவள் ஒருத்திதான்.

"யக்கா, கார்லதான் ஒட்டுச்சு. பின் சீட்டுல ஒரு கேன் இருந்துச்சு. சாஞ்சா சீட்டு பாழாயிரும், மடியில வச்சுப் பிடிச்சுக்கோன்னு மொதலாளிதான் சொன்னாக. ரோடு தூக்கித் தூக்கிப் போட்டதுல மூடி வழியா வழிஞ்சிருச்சு."

"கேன் இப்ப எங்க?"

"கார்லயேதான் இருக்கு."

சோலையம்மாள் திரும்பிப் பார்த்தாள். கார் உள்ளே போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது. முதலாளி காரை யாரும் சோதிப்பதில்லை. சோதிக்க வேண்டும் என்று அவளுக்கே இத்தனை வருஷத்தில் தோன்றியதில்லை.

ஓடினாள். வெடிமருந்து கலக்கிற அறைக்கு எதிரே வேப்பமர நிழலில் கார் நின்றது. பின் சீட்டில் கேன் சாய்ந்து கிடந்தது. கதவிடுக்கு வழியாக எண்ணெய் சொட்டி மண் ஈரமாகியிருந்தது. இருபதடி தள்ளி இரண்டு பேர் குனிந்து மருந்து சலித்துக்கொண்டிருந்தார்கள். சோலையம்மாள் காருக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றாள்.

ஆபீசிலிருந்து முதலாளி ஹரிஷ்குமார் சாவகாசமாக வந்தார். அப்பாவுக்குப் பிறகு போன வருஷம்தான் பொறுப்புக்கு வந்தவர்.

"என்ன சோலையம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"மண்ணெண்ணெய், மொதலாளி."

அவர் சிரித்தார். "மண்ணெண்ணெயா? அது ஏரோப்ளேனுக்கு ஊத்துறது. தெரிஞ்ச ஆள் மூலமா வாங்கினேன். டீசலோட கலந்து விட்டா கார் சும்மா பறக்குது."

"பேரு எதா இருந்தா என்ன மொதலாளி, பத்திக்கிடாதா?"

ஹரிஷ்குமார் மருந்து அறையைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. வாட்ச்மேன் சோணைமுத்துவைக் கூப்பிட்டு, கேனை வெளியே கொண்டுபோகச் சொன்னார். காரையும் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்.

"நல்லவேளை, பாத்தீங்க. இனிமே இப்படி நடக்கவே கூடாது. நாளைக்கே கேட்டுல புது போர்டு வச்சிடுறேன்."

சோலையம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்னதும் கேட்டுக்கொள்கிற முதலாளி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

நேரே வீரலட்சுமியிடம் போனாள். "கோவத்துல என்னென்னமோ பேசிட்டேன் தாயி, மனசுல வச்சுக்கிடாதே. சேலையை மாத்திட்டு நாளைக்கு வந்துரு" என்று அனுப்பி வைத்தாள்.

மறுநாள் காலை போர்டு வந்துவிட்டது. சிவப்புப் பெயின்ட் இன்னும் காயவில்லை. சோலையம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அதில் என்ன எழுதியிருக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தன்னால்தான் அந்தப் போர்டு வந்தது என்று வரிசையில் நின்றவர்களிடம் இரண்டு தடவை சொல்லியும் ஆகிவிட்டது.

ஹாரன் சத்தம் கேட்டது. சோணைமுத்து ஓடிப் போய்க் கேட்டைத் திறந்தான். காரோடு நேற்றைய வாடையும் வந்தது.

சோலையம்மாள் குறுக்கே போய்க் கையைக் காட்டினாள்.

"மன்னிச்சுக்கிடுங்க மொதலாளி. காரைச் சோதிச்சுத்தான் உள்ள விடணும். நீங்களே போர்டு வச்சிருக்கீக."

ஹரிஷ்குமார் கண்ணாடியை இறக்கினார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"முதல்ல அதைப் படிங்க சோலையம்மா" என்றார். கார் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போயிற்று.

சோலையம்மாள் வரிசையில் நின்ற வீரலட்சுமியின் கையைப் பிடித்துப் போர்டுக்கு முன்னால் இழுத்து வந்தாள்.

"என்னத்தா எழுதியிருக்கு?"

வீரலட்சுமி ஒரு தடவை மனசுக்குள் படித்தாள். பிறகு மெல்லப் படித்துக் காட்டினாள்.

"'தொழிலாளர்கள் யாரும் முதலாளியின் காரில் ஏறக் கூடாது. மீறினால் வேலை இல்லை.'"