‘ரன்’ என்ற சொல்லுக்கு முப்பது இடம்

அன்று அந்த அகராதி அலுவலகத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். ஆசிரியர், கணினியில் பக்கம் அமைப்பவர், பிழை திருத்தும் அம்மா, அறை பெருக்கும் பெண்.

"சார், ‘ரன்’ என்கிற இங்கிலீஷ் சொல்லுக்கு முப்பத்தொரு அர்த்தம் வந்திருக்கு. முப்பதுக்குத்தான் இடம்," என்றார் பக்கம் அமைப்பவர்.

"இருபத்தொன்பது நான் எழுதினது. அதுல கை வைக்காதீங்க. மத்தவங்க கொடுத்தது ரெண்டு. மூக்கு ஒழுகறது, துணியில சாயம் இறங்கறது. சாயத்தை எடுத்துடுங்க."

"சாயம் இருக்கட்டும் சார்," என்றார் பிழை திருத்தும் அம்மா.

பக்கம் அமைப்பவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருஷத்தில் அந்த அம்மா ‘சரி சார்’ தவிர வேறு பேசி அவர் கேட்டதில்லை.

"துணி துவைக்கிறவங்களா அகராதியைப் புரட்டப் போறாங்க?" என்றார் ஆசிரியர்.

"அந்தக் காலத்துல இந்தச் சொல்லுக்கு ஓடறதுன்னும் அர்த்தம், வழியறதுன்னும் அர்த்தம்னு நீங்கதான் முதல் வரியில எழுதியிருக்கீங்க. சாயமும் வழியத்தானே செய்யுது? துணியில தெச்ச சீட்டுல இந்தச் சொல் இருந்தும், அர்த்தம் தெரியாம ஒருத்தருக்கு வேலையே போயிருக்கு சார்."

ஆசிரியர் சிரித்தார். "புரியுதும்மா. ஒரு அர்த்தமாவது கொடுத்தவங்க பேர் கடைசிப் பக்கத்துல வரும். யார் எதைக் கொடுத்தாங்கங்கற நோட்டு உங்ககிட்டதான் இருக்கு. சாயம் உங்க சரக்கு, அதானே?"

அந்த அம்மா நோட்டை மூடினார்.

"மூக்கை எடுத்துடலாம் சார்."

"மூக்கைக் கொடுத்தவர் என்ன பாவம் பண்ணார்? அவர் பேர் போகணும், உங்க பேர் நிக்கணும். நல்லா இருக்கு நியாயம்!"

"அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சாயத்தை எடுத்தீங்கன்னா நாளைக்கு வேற ஆள் பார்த்துக்குங்க."

நாளைக்கு அச்சுக்குப் போக வேண்டும். வேறு ஆளுக்கு எங்கே போவது? "என்னமோ பண்ணித் தொலைங்க!" என்று ஆசிரியர் கதவை அறைந்துவிட்டுப் போனார்.

பக்கம் அமைப்பவருக்கு மனசு ஆறவில்லை.

"உங்களுக்கு இது அழகில்லக்கா," என்று முணுமுணுத்தபடி கடைசிப் பக்கத்தைத் திறந்தார். பன்னிரண்டு பேர்கள். "சொல்லுங்க, யார் பேரை எடுக்கணும்?"

"என் பேரை."

"அப்போ சாயம்?"

அந்த அம்மா நோட்டைத் திருப்பிக் காட்டினார். மூக்குக்கு எதிரே அவருடைய பேர்; சாயத்துக்கு எதிரே, முன்பு சலவைக் கடையில் வேலை போன அந்த அறை பெருக்கும் பெண்ணின் பேர் இருந்தது.

பக்கம் அமைப்பவர் ஒரு பேரை எடுத்தார். மிச்சம் பதினொன்று.