ஒற்றை நட்சத்திரம்

இன்றைக்கும் அந்த ஆள் எழுதியிருந்தான். பல் தேய்த்துக்கொண்டே போனைத் திறந்தவள், இரண்டு வரி படித்ததும் நுரையை வாஷ்பேசினில் துப்பினாள். இரண்டு முறை கொப்பளித்த பிறகும் வாயில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போலவே இருந்தது.

"மறுபடியும் அவனா?" என்று கணவன் சமையலறையிலிருந்து கேட்டான்.

"வேற யாரு. இது ஆப்பா, சாக்கடை மூடியான்னு கேட்டிருக்கான். அதுக்குக் கீழ எழுதியிருக்கிறதை வாயால சொல்ல முடியாது."

"ஏன் அதையெல்லாம் படிக்கிறே? விட்டுத் தள்ளும்மா."

விட்டுத் தள்ளத்தான் முடியவில்லை. அவள் சின்ன வயதில் டிவியோடு இணைத்து விளையாடிய பழைய கேம் பெட்டி இப்போது எங்கேயும் விற்பனையில் இல்லை. போனையே அந்தப் பெட்டியாக நடிக்க வைக்கும் எமுலேட்டர் ஒன்றை, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, ஒண்டியாளாக எழுதியிருந்தாள்.

பெட்டிக்குள் இருந்த சிப் எதை எப்போது செய்ததோ, அதைப் போனும் அப்போதே செய்தாக வேண்டும். ஒரு கட்டளை இம்மியளவு முந்தினாலும் போதும், பாலத்தின் மேல் ஓடும் வீரன் பலகையைத் துளைத்துக்கொண்டு தொபுக்கென்று ஆற்றில் விழுவான். அவனை விழாமல் நிறுத்துவதற்குள் ஒரு மழைக்காலமே ஓடிப்போயிருந்தது.

ஆப் வெளிவந்த புதிதில் நாலு பேர் நல்லதாகத்தான் எழுதினார்கள். பிறகு 'கழுகு' என்ற பெயரில் இவன் வந்தான். ஒவ்வொரு முறை அவள் திருத்தி வெளியிடும்போதும் ஒற்றை நட்சத்திரம், கூடவே ஒரு கூடை அசிங்கம். அதைப் படித்துவிட்டு வந்தவர்கள் ஆப்பைத் தொடாமலே திரும்பிப் போனார்கள்.

அவனை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் அவன் கண்ணுக்குள்ளேயே இருந்தான். எண்ணெய்ப் பிசுக்கு விரல்கள், நகக்கண்ணில் கறுப்பு அழுக்கு, துவைக்காத போர்வை. அந்த விரல்கள் தன் திரையின் மேல் ஊர்வதாகவே தோன்றும். சில நாள் லேப்டாப்பைத் திறக்கும் முன் ஈரத்துணியால் துடைத்தாள்.

கணவன் கையைத் துண்டில் ஒற்றியபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "எங்க அக்கா ஆபீஸ்ல அந்த இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. டிக்கெட் போட்டுக் கொடுக்கிற வேலை. போனோமா வந்தோமான்னு இருக்கலாம். நான் கட்டாயப்படுத்தலை."

"யோசிக்கிறேங்க," என்றாள். இந்த ஆதரவு மட்டும் இல்லையென்றால் எப்போதோ உடைந்துபோயிருப்போம் என்று தோன்றியது.

கடைசியாக ஒரு கை பார்த்துவிடுவோம் என்று சத்தம் வரும் பகுதியை அடியோடு அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். சாதாரண போன்களில் பாட்டு கொரகொரவென்று இழுத்ததுதான் பலருடைய குறை. எழுதி முடித்ததும் தன் போனில் போட்டுப் பார்த்தாள். கண்ணாடி விரிசல் விட்ட பழைய போனிலும் போட்டாள். கணவனுடையது வேறு கம்பெனி என்பதால் அதிலும் போட்டாள். மூன்றிலும் பாட்டு மழை நின்ற தெருவைப் போல் சுத்தமாக இருந்தது.

"முடிச்சிட்டியா?" என்று அவன் எட்டிப் பார்த்துக் கேட்டான்.

"முடிஞ்சுதுங்க."

அவன் போன பிறகு விரல் 'வெளியிடு' என்ற பட்டன் வரை போனது. அதற்குள் கழுகின் நினைப்பு வந்தது, கூடவே அந்தப் பிசுக்கு விரல்களும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று லேப்டாப்பை மூடிவிட்டாள்.

விடிந்ததும் அந்த அருவருப்பு அவன் மேல் இல்லை, தன் வேலையின் மேலேயே படிந்திருந்தது. லேப்டாப் இருந்த பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆசை ஆசையாகச் செய்த ஒன்றை இப்படி ஆக்கிவிட்டானே என்று நினைத்தபோது அழுகைகூட வரவில்லை.

டீயோடு உட்கார்ந்த கணவனிடம், "போதுங்க. உங்க அக்காகிட்ட வர்றேன்னு சொல்லிடுங்க," என்றாள்.

அவன் முகம் தெளிந்தது. அவள் கையைப் பிடித்து மெல்லத் தட்டிக்கொடுத்தான். "நல்ல முடிவும்மா. உன் திறமைக்கு இவனுங்ககிட்ட போய்த் திட்டு வாங்கணுமா? இப்பகூடப் பாரு, என்ன எழுதியிருக்கான்னு." தன் போனை எடுத்து ஆப்பின் பக்கத்தைத் திறந்து படித்தான். "'சத்தத்தைப் புதுசா மாத்தின லட்சணம் இதுதானா? நடுவுல ஒரு போன் வந்துட்டுப் போனா, பாட்டு எலி மாதிரி கீச்சுகீச்சுன்னு கத்துது. உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை?'"

பழக்க தோஷத்தில் அவள் மனம் முதலில் பிழையைத்தான் தேடிப் போனது. போன் அழைப்பு முடிந்ததும் பாட்டின் வேகத்தைத் திரும்பக் கணக்கிடவில்லை. சரிதான், விட்டுப்போயிருக்கிறது. புதிதாக எழுதிய பகுதியில்தான்.

அவனுடைய கைக்குள் இருந்த தன் கையை உருவிக்கொண்டாள். புடவையில் அழுத்தித் துடைத்தாள், ஒரு முறை, இன்னொரு முறை.

"என்னம்மா, என்னாச்சு?" என்றான் அவன், அதே கனிவோடு.

"அந்தப் புது ஆப் இன்னும் நம்ம வீட்டு வாசலையே தாண்டலைங்க."