பத்தடி ஆள்

"செவப்புத் துணி கட்ட மாட்டேன்னா மாட்டேன்!" என்று ஒற்றைக் காலில் நின்றான் டிரைவர் கருத்தப்பாண்டி.

"பலகை நாலடி வெளிய நீட்டுதே! பின்னால வர்ற லாரிக்காரன் முட்டினா?" என்றாள் மனைவி மாரித்தாய்.

"அடி கூறுகெட்டவளே! கீழ ரோட்டுல போனஸ் மறியல். முதலாளி வண்டியில செவப்பைக் கட்டிக்கிட்டுப் போனா, எங்க கொடியையா கேலி பண்றேன்னு சங்கத் தலைவர் பெரியமுத்து என் தோலை உரிச்சிருவாரு."

வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டத்து பிக்கப் வண்டி அது. ஏற்றியிருந்ததோ மலையில் யாரும் பார்த்திராத சரக்கு. கடல் அலைமேல் ஏறி நின்று சறுக்குவதற்கான பலகைகள் இரண்டு, ஒவ்வொன்றும் பத்தடி நீளம். தோட்டத்துப் பழைய துரையின் மகன் பீட்டர், பிறந்த பங்களாவைப் பார்க்க வந்த இடத்தில் கூடவே கொண்டுவந்திருந்தான். அன்று மாலை நாலு மணிக்குக் கொச்சியில் அவனுக்குக் கல்யாணம். ஒரு பலகை மாப்பிள்ளைக்கு, மற்றது பெண்ணுக்குச் சீர். நம் ஊரில் பட்டுப்புடவை எடுப்பதில்லையா, அந்த மாதிரி.

கருத்தப்பாண்டி வேலையில் குறை சொல்ல முடியாது. அடியில் வைக்கோல், இரண்டுக்கும் நடுவே கம்பளி, கயிறு உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப். வெயில் பட்டால் மேலே பூசிய மெழுகு உருகிவிடும் என்று பீட்டர் கையைக் காலை ஆட்டிச் சொன்னதால், இரண்டையும் சேர்த்து வெள்ளை வேட்டியால் தலை முதல் கால் வரை சுற்றிவிட்டான். சிவப்புத் துணி மட்டும்தான் பாக்கி.

"மறியல்ல எப்படி விடுவாங்க?" என்று தனக்குத்தானே புலம்பினான். "பால் வண்டி, பிரசவம், பொணம். இந்த மூணுக்குத்தான் வழியாம்."

"அதுக்குத்தான் நான் நேத்து..." என்று தொடங்கினாள் மாரித்தாய்.

"நீ உலையைப் பாரு!"

விடிந்ததும் வண்டி கிளம்பியது. முதல் வளைவில் டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் வண்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். பூக்காரி குருவம்மாள் ஓடிவந்து ஒரு கை செவ்வந்தியை வெள்ளை வேட்டிமேல் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கருத்தப்பாண்டிக்குச் சட்டென்று மூளை வேலை செய்தது. பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையிடம், தலையைக் குனிந்து அழச் சொல்லி ஜாடை காட்டினான்.

மறியலில் இருநூறு பேர். முன்னால் பெரியமுத்து, தோளில் சிவப்புத் துண்டோடு.

"வண்டியில என்னப்பா?"

"பொணம் அண்ணாச்சி. தொரையோட அண்ணன்."

கோஷம் நின்றது. பெரியமுத்து வண்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆளு பத்தடி இருப்பாரு போலயே?"

"வெள்ளைக்காரங்க ஒசரம் அண்ணாச்சி."

பீட்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். கூட்டத்துப் பெண்கள், "பாவம், எப்படி அழுகுறான் பாரு" என்று உச்சுக்கொட்டினார்கள்.

பெரியமுத்து வண்டியின் பின்பக்கம் போனார். போனவர் உடனே வரவில்லை. கருத்தப்பாண்டி இஞ்சினை அணைக்காமலே காத்திருந்தான். பிறகு திரும்பி வந்தார்.

"வளைவுல பாத்துப் போ. வழி விடுங்கப்பா!"

இருநூறு பேரும் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள்.

கருத்தப்பாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. மலை இறங்கும்வரை, "இவரெல்லாம் ஒரு தலைவரு! பலகைக்கும் பொணத்துக்கும் வித்தியாசம் தெரியல" என்று பீட்டரிடம் பீற்றிக்கொண்டே வந்தான். பீட்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையாட்டினான்.

முண்டக்கயம் வளைவில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தான். பின்னால் லாரியும் கிறீச்சிட்டு, பலகையின் நுனிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

லாரிக்காரன் இறங்கி வந்து மலையாளத்தில் திட்டினான். கடைசியில், "அந்தச் சிவப்பு கண்ணில் பட்டதால் பிழைத்தாய்" என்றான்.

"எந்தச் செவப்பு?"

ஓடிப்போய்ப் பார்த்தான். பலகையின் நுனியில், இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது, பெரியமுத்துவின் சிவப்புத் துண்டு.

மூன்றரைக்கே கொச்சி வந்தாயிற்று. பலகையில் ஒரு கீறல் இல்லை. பெண் சர்ச் வாசலிலேயே தன் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். கருத்தப்பாண்டிக்குக் கேக் கொடுத்தார்கள். அதைத் தின்னும்போதும் அவன் கண் அந்தத் துண்டின்மேல்தான் இருந்தது.

மறுநாள் துண்டைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு, குனிந்த தலையோடு பெரியமுத்துவிடம் போய் நின்றான்.

"அடக்கம் நல்லபடியா முடிஞ்சுதாப்பா?" என்றார் அவர், சிரிக்காமல்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. துண்டைக் கட்டும்போதே பலகைன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"அதுக்கு முந்தின நாளே தெரியும்ப்பா. ஒம் பொண்டாட்டி மாரித்தாயும் நம்ம சங்கம்தான? கல்யாண வண்டி வருதுன்னு வந்து சொல்லிட்டா. வாழ்த்தி அனுப்பத்தான் நின்னுக்கிட்டிருந்தோம். நீ பொணம்னுட்ட. மாப்பிள்ளை முன்னால ஒன்னையப் பொய்யனாக்க வேணாம்னுதான், இருநூறு பேரும் தலைத்துண்டை எடுத்தோம்."